தோப்புக்கு நடுவே டி.டி.பி. ரோடு: தானம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டுமா?

தென்னந்தோப்பு:
மார்த்தாண்டம் பக்கம் 30 சென்ட் தோப்பு. பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருக்கிறது. வீடு கட்டப் பிளான் கொடுத்தால், டி.டி.பி. (நகர் ஊரமைப்பு) வரைபடத்தில் 40 அடி ரோடு குறுக்கே போகிறது, அந்த இடத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தால்தான் அனுமதி என்கிறார்கள். ரோட்டுக்கென்று ஒரு கல்கூட நட்டதில்லை. பணமே கொடுக்காமல் எடுக்க முடியுமா?

சர்வே கல்:
கோடு போட்டது யார் என்று முதலில் தெரிய வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956 சட்டம், மாநில நெடுஞ்சாலை என்றால் 2001 சட்டம். டி.டி.பி. ரோட்டுக்கு 1971 நகர் ஊரமைப்புச் சட்டம்.

வரைபடத்தில் கோடு விழுந்ததால் மட்டும் நிலம் கைமாறிவிடாது. பிரிவு 37 படி பேசிக் கிரயம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கையகப்படுத்தும் அறிவிப்பு வெளியிட வேண்டும். திட்டத்துக்கான பிரிவு 26 அல்லது 27 அறிவிப்பு அரசிதழில் வந்து 3 வருஷத்துக்குள் இரண்டுமே நடக்கவில்லை என்றால், பிரிவு 38 படி அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும். சிக்கல் என்னவென்றால், சட்டப்படி விடுபட்ட பிறகும் கோடு வரைபடத்தில் அப்படியே கிடக்கும். கவுண்டரில் இருப்பவர் வரைபடத்தைத்தான் பார்ப்பார்.

அதனால் 10 ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போடுங்கள். அரசிதழ் அறிவிப்பு வந்த தேதி என்ன, பிரிவு 37(2) படி கையகப்படுத்தும் அறிவிப்பு வந்ததா, இழப்பீட்டுத் தீர்ப்பாணை உண்டா என்று மூன்றே கேள்வி. 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை இணைத்து, பிரிவு 38 படி விடுவித்ததாக உறுதி செய்து ஆணை தரும்படி நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புதல் ரசீது வாங்குங்கள். அசையவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட், அதாவது அலுவலகத்துக்கு உத்தரவு போடக் கேட்கும் வழக்கு. மனுவே கொடுக்காமல் நேராக ரிட் போட்டால், 'முதலில் மனு கொடுங்கள்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், பல மாதம் வீண்.

குழித்துறைக் கரை:
சர்வே கல் அண்ணாச்சி சொன்னது சரி. தானப் பத்திரத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். லேஅவுட் போட்டு விற்பவர் ரோட்டை உள்ளாட்சிக்குத் தானம் கொடுப்பது முறைதான், ஊரில் பாதித் தெரு அப்படி வந்ததுதான். ஒற்றை வீடு கட்டுபவரின் கணக்கு வேறு. 40 அடி ரோடு உங்கள் தோப்பில் 98 அடி நீளம் ஓடினால் 3,920 சதுர அடி, அதாவது 9 சென்ட். 30-இல் 9 போய்விடும், தானம் என்பதால் இழப்பீடு ஒரு பைசா வராது.

அதையே கையகப்படுத்தினால் 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி இழப்பீடு தர வேண்டும். சென்ட் 1.5 லட்சம் என்று வைத்தால் 9 சென்டுக்கு 13.5 லட்சம். கிராமப் பகுதி என்றால் அந்த மதிப்பை 1 முதல் 2 வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அதோடு மரம், கட்டடத்தின் மதிப்பு சேர்த்து வரும் மொத்தத்துக்கு 100% ஆறுதல் தொகை. இதுபோக நிலத்தின் சந்தை மதிப்புக்கு வருஷம் 12%. பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை மட்டும் வைத்து முடிக்கப் பார்ப்பார்கள். முந்தைய 3 வருஷத்தில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திர நகல்களைத் திரட்டி வையுங்கள், அதிக விலைக்குப் போன பாதிப் பத்திரங்களின் சராசரி கூடுதலாக இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

தென்னந்தோப்பு:
நன்றி. நிலம் தாத்தா பெயரிலிருந்து பாகம் பிரித்து வந்தது. அதனால் ஏதும் சிக்கல் வருமா?

சர்வே கல்:
பட்டா உங்கள் பெயருக்கு மாறியிருந்தால் இல்லை. கூட்டுப் பட்டா என்றால் இழப்பீட்டைப் பிரிப்பதில் தகராறு வந்து பணம் டெபாசிட்டில் போய் முடங்கும். இன்னொன்று, டி.டி.பி. வரைபடம் பழையதாக இருந்தால் அதில் பாகம் பிரிப்பதற்கு முந்தைய சர்வே எண்தான் இருக்கும். ஆர்.டி.ஐ.யில் பழைய எண், இப்போதைய உட்பிரிவு எண் இரண்டையும் எழுதுங்கள். புது எண்ணை மட்டும் கொடுத்தால் 'பதிவு இல்லை' என்று ஒரு வரியில் பதில் வரும்.