நொண்டி ஆட முடியாத மகள்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் மகள் 29 வாரத்தில் பிறந்தவள். எடை 1,150 கிராம். இப்போது 7 வயது. படிப்பில் சுட்டி. ஆனால் நொண்டி ஆடினால் இரண்டு தாவலில் விழுந்துவிடுகிறாள். சட்டைப் பொத்தானை நாக்கைக் கடித்துக்கொண்டு துளைக்குள் நுழைக்கப் பார்ப்பாள். வேன் வந்துவிட்டால் நானே போட்டுவிடுவேன், முகம் வாடிவிடும். குறைமாதப் பிள்ளைகளிடம் இந்தச் சிக்கல் அதிகம், சோம்பல் இல்லை என்கிறார் டாக்டர். பள்ளியில் 'கவனம் போதாது' என்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

மதுரைப் பக்கம் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நல்ல ஆக்குபேஷனல் தெரபி (பொத்தான் போடுவது போன்ற அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) எங்கே கிடைக்கும்? வளர்ச்சியில் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கான அரசின் ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் 18 வயது வரை பார்ப்பார்களாம். அங்கே போனவர்கள், வீட்டில் செய்ய என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்று சொல்லுங்களேன். அப்புறம், சைக்கிள் எப்படிப் பழக்கினீர்கள்? தினமும் கேட்கிறாள்.