பரந்தன் சந்தியில் வலப்பக்கம் திரும்பியபோது

கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போய்த் தொடங்கியது, பெற்றோல் வந்த பிறகும் விட மனம் வரவில்லை. பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். அன்றைக்கு இடது ஓரமாக வந்த நான், எதிரே வாகனம் வருகிறதா என்று பார்த்தேனே தவிர பின்னால் பார்க்கவில்லை, கையும் காட்டவில்லை, அப்படியே திருப்பிவிட்டேன். பின்னால் மணல் ஏற்றிய டிப்பர். பிரேக் சீறிய சத்தம் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. கரியரில் கட்டியிருந்த சாப்பாட்டுப் பெட்டிக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்குமோ தெரியாது. சாரதி இறங்கி வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். அவருடைய கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, நீ திரும்பப் போறாய் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவ்வளவுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்போது சந்திக்கு நன்றாக முன்னரே வலது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, கையை முழுதாக நீட்டி, பின்னால் வருபவர் வேகத்தைக் குறைக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் நடுக்கோட்டுப் பக்கம் நகர்கிறேன். வழி விட்டவருக்கு ஒரு தலையசைப்பு. விடாவிட்டால் சரி, இடது ஓரத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு கடக்கிறேன்.

நெல் காயவிடும் காலத்திலும் இதே கதைதான். வீதியோரத்தில் படங்கு விரித்திருந்தால் அதற்குக் கிட்டப் போய்ச் சட்டென்று வெட்டாதீர்கள், தூரத்திலேயே பின்னால் பார்த்து மெல்ல விலகுங்கள். நெல்லுக்கு மேலால் ஓடவே வேண்டாம், சில்லு வழுக்கும், அதைவிட அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு. பஸ் ஹோன் அடித்துக் கிரவலுக்குள் இறங்க நேர்ந்தால் அந்த ஓட்டத்திலேயே கார்ப்பெட் (தார்) வீதியில் ஏறப் பார்க்காதீர்கள். விளிம்பில் முன்சில்லு உரசி ஆளை விழுத்திவிடும். நின்று, தூக்கி வைத்து, பிறகு ஏறுங்கள்.

மறுமொழி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து:
அண்ணை, ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டைனமோ லைட் சில்லு நின்றதும் அணைந்துவிடும். இரவில் திரும்புவதற்காக வீதி நடுவில் காத்து நிற்கிற அந்த நேரத்தில்தான் நம்மை ஒருவருக்கும் தெரியாது. நான் பின்னால் பற்றரி சிவப்பு லைட் ஒன்று பூட்டிய பிறகுதான் நிம்மதியாக வருகிறேன். வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்கு அதுவும் இல்லை, இருட்டினால் வேகத்தைக் குறைப்பதைவிட வேறு வழி கிடையாது.

மறுமொழி, வவுனியாவிலிருந்து:
எனக்கு நடந்தது வேறு மாதிரி. கடைத்தெருவில் ஒரு அம்மம்மா மரக்கறிப் பையோடு முன்னால் போய்க்கொண்டிருந்தா. நான் கிட்டப் போய் நெருக்கிப் பெல் அடித்தேன். அவ திடுக்கிட்டு என் பக்கமே திரும்பிவிட்டா, கத்தரிக்காய் எல்லாம் வீதியில் சிதறியது. குனிந்து பொறுக்கும்போது, பஸ் பின்னால் வந்து ஹோன் அடிக்கையில் எனக்கு வருகிற அதே படபடப்பை அவவின் முகத்தில் கண்டேன். இப்போது தூரத்திலேயே ஒருதரம் பெல், பிறகு வேகத்தைக் குறைத்து, "அம்மா, வலப்பக்கத்தால வாறன்" என்று வாயால் சொல்கிறேன். அநேகம் பேர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, "போ பிள்ளை" என்று கையை மட்டும் அசைப்பார்கள்.