ஒட்டுக்கடையில் அளக்கிற மாமா

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வட்டாரத்து ஒட்டுக்கடைக்கு (ரோட்டோர டீக்கடைக்கு) சாயங்காலம் போனால் அளக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலும் ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த பழைய ஆட்கள்தான், ஒரே ஒரு தே தாரேக் டீயை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை பீலா விடுவார்கள். பக்கத்து மலாய்க்காரப் பாக்சிக்கு (பெரியவருக்கு) தமிழ் அரைகுறைதான், ஆனாலும் 'சக்காப் பெசார்', அதாவது பெரிய பேச்சு, என்று சிரிப்பார்.

அதில் ஒரு மாமா இருக்கிறார். பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) முதல் ஆளாகப் போய் விடிவதற்குள் ஆயிரம் மரத்தில் ரப்பர் பால் வெட்டிவிடுவாராம். அதே தோட்டத்தில் பால் வெட்டிய ஒரு அக்கா, "ஆயிரம் மரம் சரி, அவ்வளவு பாலையும் யாரு தூக்குனா?" என்று கேட்க, "பாதிய உன் வாளியிலதான் ஊத்திட்டுப் போனேன், மறந்துட்டியா?" என்றார். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

1948 ஜூன் 16இல் இங்கே மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, அதிலிருந்துதானே மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது? அன்றைக்கு எல்பில் தோட்டத்து ஆபீஸ் வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தாராம். ஒருநாள் ஏதோ பாரம் நிரப்ப ஐசியை (அடையாள அட்டையை) மேசையில் வைத்தார். ஒரு பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, நம்பர் 52ல ஆரம்பிக்குது, அப்படின்னா நீங்க பொறந்தது 1952. 48ல நீங்க பொறக்கவே இல்லையே!" என்றான். மாமா அசரவில்லை. "அந்தக் காலத்துல தோட்டத்துல பொறப்பு பதியறதே லேட்டுடா" என்றார். அதற்குமேல் யார் வாயைத் திறப்பது? தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குச் சூரா (பிறப்புப் பத்திரம்) பிறந்து பல வருசம் கழித்து வந்தது உண்மைதானே.

1960இல் ம.இ.கா. என்கிற இந்தியர் கட்சியின் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரே, வெள்ளைக்காரன் துண்டு போட்டு விற்கிற தோட்டத்தைத் தொழிலாளிகளே பங்கு போட்டு வாங்கட்டும் என்று, அந்த யோசனையும் மாமா கொடுத்ததுதானாம். ஐசிப்படி அப்போது அவருக்கு எட்டு வயது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருநாள் பொறுக்க முடியாமல் நன்னூலை இழுத்தார். புலவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள நாலே இடம்தான் உண்டாம்: அரசனுக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்களிடம், சபையில் வாதாடி ஜெயிக்க வேண்டியபோது, எதிராளி பழிக்கும்போது. "இதுல நீ எதுல சேத்தி?" என்றார். மாமா யோசித்துவிட்டு, "ரெண்டாவதுதான் சார். இங்க எவனுக்கு என் திறமை தெரியுது?" என்றாரே பார்க்கணும்!

இவரால் யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. எனக்கு ஆகவே ஆகாதவர்கள் இன்னொரு ரகம். பழங்கதையே பேசமாட்டார்கள். கையில் ரெண்டு போன், சட்டைப்பையில் பேனா, பட்டம் வாங்கிய பெரிய மனுசர் பேரைச் சொல்லி, "டத்தோ நம்ம ஆளு, ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது" என்கிற உதார். அப்படி ஒருத்தன்தான் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசியைக் குடிமக்களுக்கான நீலமாக்கித் தருகிறேன் என்று என் சின்னம்மாவிடம் ரெண்டாயிரம் வெள்ளி வாங்கிக்கொண்டு போனான். ஐசியும் வரவில்லை, அவனும் வரவில்லை. சின்னம்மா பேங்கில் போடாமல் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு அது.

இப்போதெல்லாம் யாராவது 'நம்ம ஆளு' என்று ஆரம்பித்தாலே சின்னம்மா, "அப்படியா தம்பி, இப்பவே போன் போடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் ரெண்டு வார்த்தை பேசுறேன்" என்கிறார். இதுவரை எல்லா டத்தோவும் மீட்டிங்கில்தான் இருக்கிறார்கள்.