டீமனுக்குத் தமிழில் என்ன? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

எங்கள் பாலிடெக்னிக் ஆய்வகக் கணினிகளைப் போன வாரம் உபுண்டு இயங்குதளத்தின் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாற்றினோம். மறுநாள் ஒரு மாணவர், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "சார், இதையெல்லாம் நான் தொடங்கவே இல்லையே, வைரஸா?" என்றார். அவர் காட்டியவை சிஸ்டம்டி-ஓஓஎம்டி, ஸ்நாப்டி, கேஸ்வாப்டி0 என்று பின்னணியில் தாமாக ஓடும் நிரல்கள். பழைய பதிப்பிலும் இருந்தவைதாம்; இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கின்றன. கடைசியில் வரும் 'டி', டீமன் என்பதன் முதலெழுத்து என்றேன். டீமன் என்றால்? அங்கே நின்றுவிட்டேன். திங்கட்கிழமை செய்முறைக் கையேடு அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் தாருங்கள்.
— மு., திருச்சி

மறைவினை. மறைந்து நின்று செய்யும் வினை. சின்னச் சொல், தூய தமிழ்.
— செ., சென்னை

செ. ஐயா, 'உண்டான்' உடன்பாடு, 'உண்ணான்' மறை, அதாவது எதிர்மறை என்று படித்தவர்கள் மறைவினையை வேறு மாதிரி அல்லவா புரிந்துகொள்வார்கள்? மறைத்தல் என்று பொருள்படும் கரத்தல் என்ற வினை சும்மா கிடக்கிறது. உலாவி, செயலி போல இகரம் சேர்த்தால் கரவி. "காக்கை கரவா கரைந்துண்ணும்" என்ற குறளில் வரும் அதே கர. வெட்சிப் பூச் சூடிய வீரர்கள் கவர்ந்துபோன ஆநிரையை மீட்பவர்கள் சூடும் கரந்தைப் பூவுக்கும் இந்த வேருக்கும் உறவு உண்டு என்பது என் நெடுநாள் எண்ணம். நிரையை ஒளித்துவைத்த இடத்திலிருந்துதானே மீட்கிறார்கள்! அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.
— நா., கோவை

நா. ஐயா, கரவு என்றால் வஞ்சகமும்தானே? வைரஸா என்று பயந்த பிள்ளையிடம் கரவி என்றால் பயம் உறுதிப்பட்டுவிடும்.

பூதம் என்றே சொல்லுவோம். 1963-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐபிஎம் 7094 கணினியில் வேலை செய்தவர்கள், மூலக்கூறுகளை ஓயாமல் தரம்பிரிப்பதாக இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த பூதத்தை மனத்தில் வைத்துத்தான் டீமன் என்று பெயரிட்டார்கள். நமக்கோ சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் இருக்கிறது. தவறு செய்பவரைப் பாசக் கயிற்றால் கட்டிப் புடைத்து உண்ணும். அந்த ஓஓஎம்டி என்ன செய்கிறது? நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வந்தால், அதிகம் விழுங்கியதைப் பிடித்துக் கொல்கிறது. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?
— வ., மதுரை

பூதம் வடசொல், ஐம்பூதத்தோடும் குழம்பும்.
— செ., சென்னை

வ. அண்ணா, எனக்கும் பூதம் பிடித்திருக்கிறது. ஏவல் என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள். எங்கள் ஊரில் ஏவல் என்றால் மந்திரவாதியிடம் காசு கொடுத்துப் பிறர்மேல் பேயை ஏவிவிடுவது.

பின்னணிச் செயல் என்றாலும் போதாது. கட்டளையின் கடைசியில் & போட்டால் அதுவும் பின்னணிக்குத்தான் போகிறது; ஆனால் அது டீமன் இல்லை. மு. ஐயா, ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில், முனையத்தை (கட்டளை தட்டும் சாளரத்தை) குறிக்கும் டிடிஒய் நெடுவரிசையை மாணவர்களுக்குக் காட்டுங்கள். & போட்டு அனுப்பியதற்கு எதிரே பிடிஎஸ்/0 என்று முனையத்தின் பெயர் இருக்கும். டீமனுக்கு எதிரே வெறும் கேள்விக்குறி. எந்த முனையத்துக்கும் கட்டுப்படாதது. சொல் அதைச் சொல்ல வேண்டும்.
— தே., நாகர்கோவில்

அப்படியானால் முனையிலி?
— நா., கோவை

அனைவருக்கும் நன்றி. கேள்விக்குறியை இன்று வகுப்பில் காட்டினேன், உடனே பிடித்துக்கொண்டார்கள். முனையிலி என்றதும் ஒரு பெண் "மழுங்கின கத்தியா சார்?" என்று கேட்டார். தனி மடலில் எழுதியவர்களில் பலர் 'பின்னணிச் சேவை' போதும் என்கிறீர்கள். எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் முதல் தடவை 'டீமன் என்னும் பின்னணிச் சேவை', அப்புறம் டீமன் என்று மட்டும் போட்டு அனுப்புகிறேன்.
— மு., திருச்சி

டகரம் மொழிக்கு முதலில் வராது. தைமன் என்றாவது எழுதுங்கள். ஞாயிறு இரவு வரை நேரம் இருக்கிறதே.
— செ., சென்னை