புதுப்பிப்பு: மூங்கில் கழியில் நலங்குத் திரை

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் நலங்கு வைப்பவர்களுக்கு, துணி காயப்போடும் மூங்கில் கழி, பழைய சேலை, மைலோ பானத்தூள் டின் இவையே அலங்காரத்துக்குப் போதும் என்று முன்பு எழுதியதில் சில திருத்தங்கள்.

மணல் வாளியில் கழியை நட்டால் நிற்கும் என்றது அரைகுறை. 10 லிட்டர் வாளி நிறைய மணல் சுமார் 15 கிலோ வரும். ஆனால் எடை அடியில், காற்றின் இழுப்பு உச்சியில். சேலை பாய்போலப் புடைத்ததும் கழி சாயும். ஆகவே கழியின் உச்சியைப் பக்கத்துத் தூணோடு கயிற்றால் கட்டுங்கள். கயிறு படும் இடத்தில் பழைய துண்டைச் சுற்றினால் தூணின் சாயம் உரியாது. திரையின் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்று புகுந்து போய்விடும்.

கொசுவம் வைத்துத் தொங்கவிட்டால் ஒரு சேலை இரண்டடி அகலத்தைத்தான் மறைக்கும். எட்டடிக்கு நான்கு வேண்டும். ஊக்கு வேண்டவே வேண்டாம், பட்டில் இழை இழுத்துவிடும். துணிக் கிளிப் போதும். பருத்தி என்றால் இன்னும் நல்லது, வழுக்காது.

மைலோ டின்னில் நேரடியாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். தகரம் இணையும் விளிம்பில் துரு பிடித்து மேசைவிரிப்பில் வட்டக்கறை விழும். உள்ளே ஒரு ஜாம் பாட்டிலை வைத்து, பூவை அதில் செருகுங்கள்.