அலுவலகப் பாதுகாப்புக்கு முதலில் எதை வாங்குவது: கேமராவா, புளூடூத் அட்டையா, வேறு ஏதாவதா?

மூன்றாம் மாடி:

எங்கள் அலுவலகத்தில் 40 பேர். இன்னொரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்வது என்று திட்டம் எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கோவிட் காலத்தில் வாசலில் வெப்பநிலை பார்க்கும் கேமரா வைத்தோம். மேசைக்கு மேசை பிளாஸ்டிக் தடுப்பு. மணிக்கு ஒருமுறை கதவுக் கைப்பிடியைத் துடைத்தோம். அப்படியும் 2021-ல் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்த ஒன்பது பேரில் ஆறு பேருக்குத் தொற்றிவிட்டது. அன்று காலை ஒன்பது பேருக்குமே கேமராவில் பச்சை விளக்குதான் எரிந்தது. என் பக்கத்து மேசைக்காரர் மூன்று வாரம் ஆக்சிஜனில் இருந்தார். இன்றும் இரண்டு மாடி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். அந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தது நான். அதை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது வருகிற விற்பனையாளர்கள் புதிய கேமரா, யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று பதியும் புளூடூத் அட்டை, காற்றில் மின்னேற்றிய துகள்களை விட்டுச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் அயனிக் கருவி, கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு என்று அடுக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் பணம் கிடையாது. எதில் தொடங்கட்டும்?

ஏசி மெக்கானிக்:

கேமராவை விட்டுவிடுங்கள். அது நெற்றித் தோலின் சூட்டை மட்டும்தான் பார்க்கும். கோவிட் வந்தவர் காய்ச்சல் தொடங்கும் முன்பே பரப்ப ஆரம்பித்துவிடுவார்; பலருக்குக் காய்ச்சலே வராது.

அந்தக் கூட்ட அறையில் சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசிதானே? 22 வருடமாக இதே வேலை பார்ப்பதால் சொல்கிறேன். அந்த ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்பவும் அறைக்குள்ளேயே விடும். வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறை ஜில்லென்று இருப்பதால் காற்று நன்றாக இருப்பதாக நமக்குத் தோன்றும், அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் சியோலில் ஒரு கால் சென்டரில் நடந்ததைப் பாருங்கள். 11-வது மாடியில் வேலை பார்த்த 216 பேரில் 94 பேருக்குத் தொற்று. பெரும்பாலோர் அந்த மாடியின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். லிஃப்ட்டையும் லாபியையும் எல்லா மாடிக்காரர்களும்தான் பயன்படுத்தினார்கள். ஆனாலும் மற்ற மாடிகளில் மூன்றே பேர். பொத்தானைத் தொட்டதைவிட, மணிக்கணக்கில் ஒரே காற்றில் பேசிக்கொண்டு உட்கார்ந்ததுதான் ஆபத்து.

முதலில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்குங்கள். நாம் விடும் மூச்சில் அந்த வாயு இருப்பதால், அறையில் எவ்வளவு மூச்சுக்காற்று தேங்குகிறது என்று அது காட்டிவிடும். அகச்சிவப்பு ஒளியால் அந்த வாயுவையே அளக்கும் என்டிஐஆர் சென்சார் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை அளந்து குத்துமதிப்பாக ஒரு எண்ணைக் காட்டும். வெளியே ஏறக்குறைய 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கும். அறைக்குள் 800-க்குள் இருந்தால் நல்லது. 1,500 என்றால் அடுத்தவர் விட்ட மூச்சும் கலந்த காற்றைத்தான் நீங்கள் இழுக்கிறீர்கள். மீட்டரை யார் வாய்க்கும் நேரே வைக்காதீர்கள்.

வெளிக்காற்றுக்கு வழியே இல்லாத அறைக்கு ஹெப்பா எனும் நுண்துகள் வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான். அறையின் கன அளவைப்போல் ஐந்து மடங்கு காற்றை ஒரு மணி நேரத்தில் வடிகட்ட வேண்டும். 60 கன மீட்டர் அறை என்றால் மணிக்கு 300. ஒன்று நினைவில் இருக்கட்டும்: ஹெப்பா கிருமியைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. மீட்டர் எண் இறங்கவில்லையே என்று அதை அணைத்துவிடாதீர்கள். அயனிக் கருவி வேண்டாம். சிலவற்றிலிருந்து ஓசோன் வரும், அது நுரையீரலுக்குக் கெடுதல். கூரையை ஒட்டி மாட்டும் புற ஊதா விளக்கு காசநோய்க்காகப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருவதுதான், ஆனால் கோணம் தவறினால் கண்ணும் தோலும் பாதிக்கும். தெரிந்த ஆள் வந்து மாட்ட வேண்டிய பொருள்.

நள்ளிரவு நிரல்:

புளூடூத் அட்டையோடு ஒன்றரை வருடம் வாழ்ந்தவன் நான். இரண்டு மீட்டருக்குள் 15 நிமிடம் இருந்தால் தொடர்பு என்று பதியும். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவரையும் பதிந்தது. ஒரே மூடிய அறையில் நான்கு மீட்டர் தள்ளி மூன்று மணி நேரம் இருந்தவரை விட்டுவிட்டது. அப்புறம் ஒரு மேலாளர் அந்தப் பதிவை எடுத்து, டீ குடிக்க யார் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தார். மறுநாளிலிருந்து பாதிப் பேரின் அட்டை டிராயருக்குள் போய்விட்டது. 2020-ல் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து, தொற்று வந்தவர் அருகில் இருந்தால் போன் எச்சரிக்கும் ஓர் ஏற்பாடு செய்தார்கள்; அதில் பதிவுகள் அவரவர் போனிலேயே இருந்தன, இருப்பிடத்தைக் குறிக்கவில்லை, 14 நாளில் அழிந்துவிட்டன. வாங்கியே ஆக வேண்டும் என்றால் பதிவை யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மூன்றாம் மாடி:

மீட்டர் வாங்கிவிட்டோம், மெக்கானிக் சார். அதே அறையில், அதே ஒன்பது நாற்காலியில் கூட்டம் வைத்துப் பார்த்தோம். பத்து மணிக்கு 510. பத்தரைக்கு 1,740. பக்கத்து மேசைக்காரர்தான் எண்ணை வாசித்துக்கொண்டே வந்தார். ஆயிரத்தைத் தாண்டியதும் யாரும் பேசவில்லை. ஜன்னல் கொக்கி பெயின்ட்டில் ஒட்டிப்போயிருந்தது. ஸ்குரூடிரைவரால் சுரண்டித் திறந்து, மேசை ஃபேனை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து, கதவையும் திறந்தோம். 12 நிமிடத்தில் 900. "அன்றைக்கும் இந்த ஜன்னல் மூடித்தானே இருந்தது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒரு சந்தேகம். கடன் வாங்கி வைத்துப் பார்த்த சுத்திகரிப்பானின் இரைச்சல் தாங்காமல் எல்லோரும் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

ஏசி மெக்கானிக்:

பெட்டியில் போட்டிருக்கும் அளவு முழு வேகத்துக்கானது. நடுவேகத்தில் 300 தருகிற பெரியதாக ஒன்று வாங்குங்கள், இல்லையென்றால் சிறியதாக இரண்டு. மூலையில் ஒட்டி வைக்காமல் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஜன்னல் கொக்கிக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள், இல்லையென்றால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.