பிளாக் டீ, டீ பேக்: தமிழில் எழுதிக் கொடுத்தால் மாறி வருகிறது, அவசர உதவி

குன்னூர்க்காரன்: ஆங்கில வார்த்தைகளைத் தமிழில் எழுதி அட்டை போட்டுக் கொடுத்தேன், படித்தால் வேறு மாதிரி வருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் சரி பண்ண வேண்டும். என்ன வழி?

ஹில்குரோவ்: எந்த வார்த்தை? யார் படிக்கிறார்கள்? யாரிடம் சொல்வதற்கு?

கேத்தி வாத்தியார்: இதற்கென்றே 1888இல் சர்வதேச ஒலிக்குறிகளை வெளியிட்டுவிட்டார்கள். ஓர் ஒலிக்கு ஒரு குறி. அதைப் படிக்கச் சோம்பல்பட்டுத் தமிழில் எழுதினால் இப்படித்தான் ஆகும். ஏற்கெனவே விளக்கியிருக்கிறேன், தேடிப் பாருங்கள்.

குன்னூர்க்காரன்: டீ ஃபேக்டரி சார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிற அக்காக்களுக்கு. பிளாக் டீ என்று எழுதினால் ஹார்ட்டில் பிளாக் என்பார்களே, அந்த பிளாக் வருகிறது. விலை அட்டையில் இரண்டு இடத்தில் டீ பேக் இருக்கிறது, ஒன்று நூல் கட்டி வெந்நீரில் முக்குகிறது, இன்னொன்று அரைக் கிலோ பொட்டலம். ஒருவர் முக்குகிறதைக் கேட்க, பொட்டலத்தை எடுத்துக் கொடுத்து, அவர் பில் போடும்போதுதான் முழித்தார்.

அருவங்காடு: எதற்கு அட்டை? போனில் பேசிப் பதிவு பண்ணிக் கொடுங்கள்.

குன்னூர்க்காரன்: மெஷின் சத்தத்தில் போனா?

லவ்டேல்: சுலோகப் புத்தகத்தில் போடுவது போல எண் போடுங்கள். பொட்டலம் என்றால் பேக், பை என்றால் பே³க்³.

ஹில்குரோவ்: அக்காக்கள் அந்த மூன்றையும் சேர்த்துப் படிப்பார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள் :) எண் எல்லாம் வேண்டாம். பம்பரம் என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் ப ஒரு மாதிரி, இரண்டாவது ப வேறு மாதிரி வரும், யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது ப மாதிரி வர வேண்டிய எழுத்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள். க-வுக்கும் அதே கணக்கு, பக்கத்தில் வருவது கறுப்பு, தங்கத்தில் வருவது சிவப்பு. பை என்றால் பேக்கில் இரண்டு எழுத்தும் சிவப்பு.

பிளாக் டீயை ப்ளேக் என்று எழுதி, பேங்க் என்கிறபோது வருகிற ஏ என்று காட்டிக்கொடுங்கள்.

கேத்தி வாத்தியார்: ப்ளேக் கொள்ளைநோய் ஐயா. விருந்தாளிக்கு அதையா ஊற்றிக் கொடுப்பீர்கள்?

ஹில்குரோவ்: அதற்குத்தானே பேங்க் ஏ என்றேன். அப்புறம், இலையை வாட வைப்பதை வித்தரிங் என்று எழுதியிருந்தால் ஒற்றை எடுத்துவிட்டு விதரிங் என்று போடுங்கள். 'அது' என்னும்போது நம் வாயில் வருகிற த-வேதான் அந்த ஆங்கில ஒலி. எந்த அசையை அழுத்த வேண்டும் என்று காட்ட ஆங்கிலத்தில் பெரிய எழுத்துப் போடுவார்கள், நமக்கு அது கிடையாது, அடிக்கோடு போதும். ஃபர்மென்டேஷனில் 'டே'-வுக்குக் கீழே.

கோத்தகிரி சரக்கு: எல்லாம் சரி, ஆரஞ்ச் பெக்கோ என்கிற தேயிலைத் தரத்தை எப்படி எழுதியிருக்கிறீர்கள்?

லவ்டேல்: பீக்கோ. அகராதியைப் பாருங்கள்.

கோத்தகிரி சரக்கு: அகராதியா தேயிலை வாங்குகிறது? ஏலத்துக்குப் போகிறவன் நான், காதில் விழுவது பெக்கோதான்.

லவ்டேல்: உங்கள் காதில் விழுந்ததை வெளிநாட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

கேத்தி வாத்தியார்: இருவருக்கும் தெரியாத விஷயம், அது ஆங்கிலமே அல்ல, சீனாவின் ஹொக்கியன் பேச்சிலிருந்து வந்தது. இளந்தளிரில் இருக்கும் வெள்ளைப் பூனைமயிரைச் சொல்கிற சொல்.

கோத்தகிரி சரக்கு: அப்போது சீனாக்காரர் வந்து சொல்லட்டும், அதுவரை பெக்கோ.

தாண்டிக்குடி: எங்கள் பழனி மலையில் காப்பி. எப்படிச் சொன்னாலும் டம்ளரில் வந்துவிடும், சண்டையே இல்லை.

ஹில்குரோவ்: குன்னூர்க்காரரே, மாற்றினீர்களா?

குன்னூர்க்காரன்: சிவப்பு மை வேலை செய்கிறது, பேக் குழப்பம் போச்சு. பிளாக் இன்னும் பாதிதான் வருகிறது. பீக்கோ என்று போட்டுவிட்டேன், மேனேஜர் அப்படித்தான் சொல்கிறார். நன்றி, பஸ் வந்துவிட்டது.

கோத்தகிரி சரக்கு: மேனேஜர் எந்த ஊர்?